சாஃப்டனர் இருந்தும் குழாயெல்லாம் வெள்ளை பூப்பது ஏன்?

வாசகி கேள்வி:

பெங்களூரு ஹொரமாவில் 24 வீடுகள் உள்ள அபார்ட்மெண்டில் இருக்கிறோம். முழுக்க போர் தண்ணீர்தான். கோடையில் டேங்கரும் வரும். கீழே சாஃப்டனர் (தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மக்னீசியத்தைப் பிடிக்கும் கருவி) இருக்கிறது, 100 லிட்டர் ரெசின் (அதைப் பிடிக்கும் குட்டி மணிகள்) என்று அதன்மேல் எழுதியிருக்கிறார்கள். செக்யூரிட்டி மூன்று நாளுக்கு ஒருமுறை 25 கிலோ உப்பு போட்டுக் கழுவிவிடுகிறார். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரு நாளைக்கு 12,000 லிட்டர் செலவாகிறது. இவ்வளவு செய்தும் குழாய், ஷவர் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. கீசரில் இரண்டு முறை காயில் போய்விட்டது. எனக்கும் என் பெண்ணுக்கும் முடி கொட்டுகிறது. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகள்) மீட்டர் வாங்கிப் பார்த்தால் சாஃப்டனருக்கு முன்னால் 820, பின்னால் 815. அப்படியானால் அது வேலையே செய்யவில்லைதானே? பைப்பில் மாட்டும் எலக்ட்ரானிக் கருவி போதும் என்கிறார் ஒருவர். கட்டடம் முழுக்க ஆர்.ஓ. போடச் சொல்கிறார் இன்னொருவர். காவிரி இணைப்பு எடுப்பதில் அசோசியேஷனில் இழுபறி. மாமியாருக்கு பி.பி. உண்டு. பிரசவத்துக்கு வந்த நாத்தனாரும் நான்கு மாதக் குழந்தையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். போர் தண்ணீரின் லேப் ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன் (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில்: டி.டி.எஸ். 820, கடினத்தன்மை 560, காரத்தன்மை 340, குளோரைடு 150, நைட்ரேட் 58, ஃப்ளோரைடு 0.8, இரும்பு 0.2). எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது உப்புத் தண்ணீரைப் பற்றி. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் முதலில் கவனிக்க வேண்டியது நைட்ரேட் 58 என்ற வரி. வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதில் நைட்ரேட்டுக்கு எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். கடினத்தன்மைக்கும் டி.டி.எஸ்.ஸுக்கும் “வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் இதுவரை போகலாம்” என்று இரண்டாவது எண் ஒன்று உண்டு. நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படி எதையாவது கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தை தாய்ப்பால் மட்டும் குடிக்கிறதென்றால் தனியாகத் தண்ணீரே தேவையில்லை. பால் பவுடர் கலக்குவதானால், போர் தண்ணீரைக் காய்ச்சிக் கலக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். சாஃப்டனரும் அதைத் தொடாது. அதிலுள்ள ரெசின் கால்சியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகளை மட்டுமே பிடிக்கும், நைட்ரேட் எதிர்மின் அயனி. யு.வி. விளக்கு, கேண்டில் ஃபில்டர் எதற்கும் இது மசியாது. வீட்டு ஆர்.ஓ. கணிசமாகக் குறைக்கும்.

ஆனால் அந்த ஆர்.ஓ. மெஷினில் ‘டி.டி.எஸ். கண்ட்ரோலர்’ என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறதா பாருங்கள். சுவைக்காக, மெம்பிரேன் என்ற வடிகட்டும் சவ்வு வழியாகப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து நல்ல தண்ணீரோடு கலப்பது அதன் வேலை. அதைத் தாராளமாகத் திறந்து வைத்திருந்தால் கழித்த நைட்ரேட் பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது என்று பொருள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதை முழுக்க மூடச் சொல்லுங்கள். பிறகு அந்தக் குடிநீரையே ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் நைட்ரேட்டுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். அந்த எண் வரும்வரை பால் பவுடருக்கு எந்தத் தண்ணீர் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நகரத்து போர் தண்ணீரில் நைட்ரேட் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கழிவுநீர்க் கசிவு. பக்கத்தில் பழைய செப்டிக் குழியோ உடைந்த சாக்கடை லைனோ இருக்கலாம். ஆகவே கழிவுநீர் கலந்திருப்பதைக் காட்டும் கிருமிகளான கோலிஃபார்ம், ஈ.கோலை சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். அதற்கு லேப் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டிலிருக்கும் பழைய மினரல் வாட்டர் பாட்டில் இதற்கு உதவாது. பெங்களூரைச் சுற்றிலும் கருங்கல் பாறைதான் என்பதால், முடியுமானால் ஒருமுறை யுரேனியமும் பார்த்துவிடுங்கள். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்.

இனி சாஃப்டனர். உங்கள் டி.டி.எஸ். மீட்டர் காட்டிய 820-ம் 815-ம் எதையும் நிரூபிக்கவில்லை. அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. எந்த உப்பு கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சாஃப்டனர் உப்பை வெளியே எடுத்துப் போடுவதில்லை, ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுக்கிறது. ஒரு கால்சியம் அயனியைப் (எடை 40) பிடித்துக்கொண்டு இரண்டு சோடியம் அயனிகளை (இரண்டும் சேர்ந்து 46) விடுகிறது. உப்பு போட்டுக் கழுவுவது ரெசினில் அந்தச் சோடியத்தை மறுபடி ஏற்றத்தான். சாஃப்டனர் பிரமாதமாக வேலை செய்தாலும் சரி, செத்துக் கிடந்தாலும் சரி, மீட்டர் கிட்டத்தட்ட அதே எண்ணைத்தான் காட்டும். அந்த மீட்டரை ஆர்.ஓ. மெஷினைச் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது உண்மையிலேயே பயன்படும்.

சாஃப்டனருக்கு வேண்டியது ‘ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட்’. தண்ணீர் சுத்திகரிப்புச் சாமான் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கூடவே வரும் குப்பியில் கோடு வரை தண்ணீர் எடுத்து, பஃபர் கரைசலைச் சொன்ன துளிகள் விட்டு, இண்டிகேட்டரைப் போட்டுக் குலுக்குங்கள். கடினத் தண்ணீராக இருந்தால் பீட்ரூட் சாறு மாதிரிச் சிவக்கும். பிறகு மூன்றாவது பாட்டிலிலிருந்து ஒவ்வொரு துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் குலுக்க வேண்டும். சிவப்பு ஊதாவாகும், கடைசியில் ஒரே துளியில் தெளிந்த நீலமாகும். ஊதாவிலேயே நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. சிவப்பின் சாயல் துளிகூட இல்லாத நீலம் வரும்வரை விடுங்கள். துளிகளின் எண்ணிக்கையைக் கிட்டில் எழுதியுள்ள எண்ணால் பெருக்கினால் கடினத்தன்மை. நன்றாக ஓடும் சாஃப்டனரின் தண்ணீர் என்றால், இண்டிகேட்டர் போட்டவுடனே நேராக நீலம் காட்டும்.

மூன்று இடத்தில் பிடியுங்கள்: சாஃப்டனருக்கு முன்னால், சாஃப்டனரை விட்டு வெளியே வரும் குழாயில், உங்கள் குளியலறைக் குழாயில். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் கோளாறு சாஃப்டனரில். இரண்டாவது நன்றாக இருந்து மூன்றாவது மோசமாக இருந்தால், சாஃப்டனரைத் தாண்டி எங்கோ நேராக போர் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. பைபாஸ் வால்வை யாராவது திறந்து வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மோட்டார் ரிப்பேரின்போது போட்ட குறுக்கு லைன் அப்படியே கிடக்கும். ஒரு தடவை மட்டும் பிடித்தால் பாதி உண்மைதான் தெரியும். உப்பு போட்டுக் கழுவிய உடனே ஒருமுறை, பிறகு 2,000 லிட்டருக்கு ஒருமுறை என்று ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள். எந்த லிட்டரில் சிவப்பு திரும்புகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

அது எங்கே திரும்பும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். வழக்கமான உப்பு அளவில் ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். உங்களிடம் 100 லிட்டர் என்றால் 5 கிலோ. உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 560 மில்லிகிராம் இருக்கிறது. 5 கிலோவை 560 மில்லிகிராமால் வகுத்தால் ஏறக்குறைய 8,900 லிட்டர். ஒரு நாள் செலவோ 12,000 லிட்டர். அதாவது முதல் நாள் ராத்திரிக்குள்ளேயே ரெசின் நிறைந்துவிடுகிறது. மீதி இரண்டு நாளும் சாஃப்டனர் வெறும் குழாய்தான். மூன்று நாளில் ஓடும் 36,000 லிட்டரில் கால் பங்கு மட்டும் மென்மையாகி, முக்கால் பங்கு அப்படியே உங்கள் ஷவருக்கு வருகிறது. குழாய் வெள்ளை பூப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. இயந்திரத்தையோ விற்றவரையோ குறை சொல்வதற்குமுன் அசோசியேஷனில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள்.

“அப்படியானால் தினமும் 25 கிலோ போடலாமே” என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். 100 லிட்டர் ரெசினுக்கு ஒரு தடவைக்கு 15 கிலோ போதும். 25 கிலோ போட்டால் ரெசினின் கொள்ளளவு அந்த விகிதத்தில் ஏறாது, கூடுதல் உப்பில் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகும். குறைவான உப்பு, அடிக்கடி கழுவுதல் என்பதே சிக்கனம்.

கழுவும் முறையிலும் பல கட்டடங்களில் தவறு நடக்கிறது. உப்பைத் தொட்டியில் கொட்டிக் கைப்பிடியைத் திருப்பி, பத்து நிமிடத்தில் ‘சர்வீஸ்’ நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். சரியான முறை இது. முதலில் மல்டிபோர்ட் வால்வை (தண்ணீர் போகும் பாதையை மாற்றும் அந்தக் கைப்பிடி வால்வை) ‘பேக்வாஷ்’ நிலையில் வைத்து 10 முதல் 15 நிமிடம், வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை. இது ரெசினைக் கீழிருந்து மேலே தூக்கிப் பிரித்து, சேறையும் துருவையும் வெளியேற்றும். இதைத் தவிர்த்தால் உப்புக் கரைசல் ஒரே பாதையில் வழிந்து போய்விடும், ஓரத்திலுள்ள ரெசினுக்கு அது எட்டவே எட்டாது. பேக்வாஷ் தண்ணீரில் தேன் நிறத்தில் குட்டிக் குட்டி மணிகள் வந்தால் வேகம் அதிகம், ரெசினே வெளியேறுகிறது. வால்வைக் குறையுங்கள்.

அடுத்தது உப்பு. 15 கிலோவை முன்கூட்டியே 135 லிட்டர் அளவு தண்ணீரில் முழுக்கக் கரைத்து வையுங்கள், பத்து சதவீதக் கரைசலாகும். அது ரெசின் வழியாகக் குறைந்தது அரைமணி நேரம் மெல்ல இறங்க வேண்டும். தொட்டியில் கரைசலின் மட்டம் இறங்குகிறதா என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். இறங்கவில்லையென்றால் இழுக்கும் எஜெக்டரின் சின்ன ஓட்டை அடைத்திருக்கும். மலிவான கல்லுப்பில் வரும் மண்தான் இதற்கு முக்கியக் காரணம். கழுவிய சுத்தமான உப்பாக வாங்குங்கள். அயோடின் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே ஒரு பொருட்டில்லை. பிறகு அதே மெதுவான வேகத்தில் 200 லிட்டர் அலசல், அதன்பின் வேகமாக இன்னும் 300 லிட்டர் அளவுக்கு. கடைசியில் கிட்டில் ஒரு சோதனை. நீலம் காட்டினால்தான் ‘சர்வீஸ்’. மாடியில் தண்ணீர் கரிக்கிறது என்று யாராவது புகார் சொன்னால் அலசலை அவசரமாக முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த உப்புக் கழிவு மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகவே கூடாது. போனால் உங்கள் போர்வெல்லுக்கு நீங்களே உப்பு ஊட்டுகிறீர்கள். டிரெயின் பைப் எங்கே போய் முடிகிறது என்று பிளம்பரை வைத்து ஒருமுறை நேரில் பாருங்கள். பல இடங்களில் அது பக்கத்திலிருக்கும் குழியில் முடிவதை யாரும் கவனிப்பதில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் 8,900 லிட்டருக்கு வெகு முன்பாகவே சிவப்பு திரும்பினால் மூன்று சந்தேகங்கள். முதலாவது, மோட்டார் வேகம்: 100 லிட்டர் ரெசின் வழியாக மணிக்கு 2,000 முதல் 3,000 லிட்டர் வரை ஓடலாம், அதற்குமேல் தள்ளினால் கடினத்தன்மை பிடிபடாமல் நழுவும். இரண்டாவது, மல்டிபோர்ட் வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கெட் தேய்ந்து, மென்மையாகாத தண்ணீர் உள்ளுக்குள்ளேயே கலப்பது. மூன்றாவது, ரெசின் வயதாகியிருப்பது. ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். மணிகள் உடைந்து பொடியாகவோ, தேன் நிறம் போய்க் காப்பிக்கொட்டை நிறமாகவோ இருந்தால் தெரிந்துவிடும். உங்கள் போரில் இரும்பு 0.2 தான், அதனால் கவலையில்லை. டேங்கர் தண்ணீரில் எவ்வளவு வருகிறது என்பதுதான் தெரியாது.

தினமும் 12,000 லிட்டரையும் முழு மென்மையாக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஐ.எஸ். 10500 படி கடினத்தன்மை 200 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம். 150-இல் வைத்தால் குழாயும் பிழைக்கும், சோப்பும் நுரைக்கும். மென்மையான தண்ணீரோடு கொஞ்சம் போர் தண்ணீரை பைபாஸ் வால்வு வழியாகக் கலந்தால் போதும். உங்கள் கணக்கில் 27 சதவீதம் கலக்கலாம். அப்போது தினம் 8,760 லிட்டர்தான் சாஃப்டனர் வழியே போக வேண்டும். அதாவது நாளுக்கு ஒருமுறை கழுவினால் சரியாக இருக்கும்.

தினம் 15 கிலோ உப்பு அதிகமாகப் படுகிறதா? படத்தான் வேண்டும், மாதம் 450 கிலோ ஆகிறது. குறைக்க நல்ல வழி ஃப்ளஷ் லைனைப் பிரிப்பது. ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் 45 லிட்டர் ஃப்ளஷ்ஷுக்குப் போகிறது. மாடியில் ஃப்ளஷ்ஷுக்குத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் இருந்தால் அங்கே நேராக போர் தண்ணீரை ஏற்றுங்கள். பெங்களூரில் பல கட்டடங்களில் இரட்டைக் குழாய் போட்டிருந்தும் இரண்டிலும் ஒரே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கட்டட பிளம்பிங் வரைபடத்தைப் பில்டரிடமிருந்து வாங்கிப் பாருங்கள். பிரித்தால் மற்ற உபயோகத்துக்கு 8,000 லிட்டர்தான் வேண்டும். அதிலும் 27 சதவீதம் போர் தண்ணீரைக் கலந்தால், ஒன்றரை நாளுக்கு ஒரு கழுவல் என்று குறையும்.

இங்கேதான் காவிரி வருகிறது. அசோசியேஷன் இழுபறியில் நான் தயங்காமல் ஒரு பக்கம் சேருவேன்: இணைப்பை எடுங்கள். உங்களைப் போன்ற வெளிப்பகுதிகளை, 110 கிராமங்கள் என்று சொல்கிறார்களே அவற்றை, மனதில் வைத்துத்தான் நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் கொள்ளளவில் ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி ஏற்றி வரும் ஆற்று நீர் அது. கடினத்தன்மை பெரும்பாலும் 200-க்குள் இருக்கும். கணக்குக்கு 120 என்று வைப்போம். ஃப்ளஷ்ஷையும் பிரித்து, மீதித் தேவையில் பாதியைக் காவிரியால் நிரப்பினால் கலந்த தண்ணீரின் கடினத்தன்மை 340-க்கு இறங்கும். அதை 150 ஆக்க, 4,480 லிட்டரை மட்டும் சாஃப்டனரில் விட்டால் போதும். 340-க்கு உங்கள் ரெசின் 14,700 லிட்டர் தாங்கும். மூன்று நாளுக்கு ஒரு கழுவல்! இப்போது செக்யூரிட்டி செய்துகொண்டிருக்கும் அதே மூன்று நாள், அதுவும் 25-க்குப் பதில் 15 கிலோ உப்பில். நைட்ரேட்டும் பாதிக்குப் பக்கமாக இறங்கும்.

இன்னும் நல்ல ஏற்பாடு, காவிரிக்குத் தனி சம்ப் ஒதுக்கி, அடுக்களைக் குழாய்க்கு மட்டும் அதைக் கொண்டுபோவது. புதுக் குழாய் போட வேண்டியிருக்கும், செலவு உண்டு. ஆனால் குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்குச் சில லிட்டர்தானே வேண்டும்! விட்டுவிட்டு வரும் சப்ளையில் குழாய் காலியாகும் நேரத்தில் வெளி அழுக்கு உள்ளே இழுபடலாம் என்பதால், சம்பில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடி மழைநீரையும் மறந்துவிடாதீர்கள். 4,000 சதுர அடி மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 8,000 லிட்டர், கடினத்தன்மை கிட்டத்தட்ட பூஜ்யம். முதல் மழையைத் தள்ளிவிட்டு, மணல் ஃபில்டர் வழியாக சம்பில் விட்டால் அன்றைக்கு உப்பே வேண்டாம்.

உங்களுக்கு அந்த இருவர் சொன்ன இரண்டையும் வாங்காதீர்கள். பைப்பில் மாட்டும் எலக்ட்ரானிக், காந்தக் கருவிகள் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. மாட்டிய பிறகு கிட்டில் சோதித்தால் அதே 560-தான் வரும். “உப்பு ஒட்டாத வடிவத்துக்கு மாறிவிடும்” என்று சொல்வதற்கு நம்பத்தகுந்த, எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஆதாரம் இல்லை. கட்டடம் முழுக்க ஆர்.ஓ. என்பது தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் செய்யக்கூடாத காரியம். பாதித் தண்ணீர் தேறினாலும், 12,000 லிட்டர் கிடைக்க போரிலிருந்து 24,000 லிட்டர் இழுக்க வேண்டும். கழிவாகும் 12,000 லிட்டர் முன்பைவிட இரண்டு மடங்கு உப்போடு எங்கே போகும்?

ஷவர் ஃபில்டரும் இதே வகைதான். அதில் பெரும்பாலானவை குளோரினைக் குறைக்கும் கார்பன் வகை, போர் தண்ணீரில் குளோரினே இருக்காது. ரெசின் போட்டதாகச் சொல்லும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே 200 மில்லி ரெசின் இருந்தால் 10 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். உங்கள் தண்ணீரில் அது 18 லிட்டர், ஒரு பக்கெட். இரண்டாவது பக்கெட்டிலிருந்து அது வெறும் அலங்காரம்.

முடி விஷயத்தை அக்கறையோடு சொல்கிறேன். கடினத் தண்ணீரில் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசினாகி முடியில் படியும். முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், சீவும்போது நடுவில் அறுந்து வரும். வேரோடு கொட்டுவதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று உறுதியான ஆதாரம் இல்லை. உதிர்ந்த முடியின் நுனியில் வெள்ளைக் குமிழ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு பார்க்கத் தோல் மருத்துவரிடம் போங்கள். தண்ணீரைத் திட்டிக்கொண்டு ரத்தசோகையை விட்டுவிடக் கூடாது. குளியலுக்குச் சோப்பு சேராத சின்டெட் கட்டியும், முடிக்குச் சீயக்காயும் நல்லவை. சீயக்காயின் நுரை அதிலுள்ள சாப்போனின் என்ற இயற்கைப் பொருளால் வருவது, கால்சியத்தோடு சேர்ந்து பிசினாகாது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு ஆர்.ஓ. தண்ணீர் விட்டுப் பாருங்கள். எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ள குழந்தைகளுக்கு சாஃப்டனர் உதவுமா என்று பிரிட்டனில் 336 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

சிறுநீரகக் கல் பயம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் அசோசியேஷன் கூட்டத்தில் கட்டாயம் வரும். கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலக சுகாதார அமைப்பு எந்த எல்லையும் வைக்கவில்லை. தண்ணீர் போதாமல் குடிப்பதுதான் கல்லுக்குப் பெரிய காரணம்.

மாமியாருக்கு வருவோம். 560 கடினத்தன்மையை முழுக்க மென்மையாக்கினால் லிட்டருக்கு சுமார் 258 மில்லிகிராம் சோடியம் சேரும். அதை அப்படியே குடித்து, சமைத்து நாளைக்கு மூன்று லிட்டர் போனால் 770 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்க 2,000-க்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. எனவே சாஃப்டனர் தண்ணீர் குளிக்க, துவைக்க. குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் ஆர்.ஓ. அல்லது காவிரி. துவரம் பருப்பு கடினத் தண்ணீரில் வேகாமல் முரண்டு பிடிப்பது பருப்பின் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடுவதால்தான். ஆர்.ஓ. மெஷினுக்கு சாஃப்டனர் தண்ணீர் வருவது நல்லது, மெம்பிரேன் அடைக்காது, சோடியத்தையும் அது கழித்துவிடும்.

கீசருக்கு வருவோம். உங்கள் ரிப்போர்ட்டில் காரத்தன்மை 340 என்பதால், 560-இல் 340 தற்காலிகக் கடினத்தன்மை, சூடானால் சுண்ணாம்பாகப் படியும் வகை. நாளைக்கு 100 லிட்டர் சூடாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கு படிந்தாலே மாதம் 100 கிராம் சுண்ணாம்பு காயிலைச் சுற்றிக்கொள்ளும். உள்ளிருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் காயில் வெந்து அறுந்துபோகிறது. தெர்மோஸ்டாட்டை 50-55 டிகிரியில் வையுங்கள், 70-இல் படிவு பலமடங்கு. வருடத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கைக் கூப்பிட்டு, எம்.சி.பி.யை அணைத்து, தண்ணீரை வடித்து, காயிலைக் கழற்றி லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரில் ஊறவையுங்கள். கூடவே மக்னீசியம் ஆனோடு கம்பி தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், சேஃப்டி வால்வு சுண்ணாம்பால் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடைத்த சேஃப்டி வால்வோடு கீசரை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

குழாய், ஷவருக்கும் இதே சிட்ரிக் கரைசல்தான். துணியை நனைத்துச் சுற்றி இருபது நிமிடம், பிறகு நன்றாகக் கழுவுங்கள். கழிப்பறை ஆசிட் குரோம் பூச்சை உரித்துவிடும். மார்பிள், கடப்பாக் கல் மேல் எந்த அமிலமும் படக்கூடாது. எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வெளிப்படும்.

கிட் வந்ததும் ஒரு குப்பியை செக்யூரிட்டி அறையிலேயே வைக்கச் சொல்லுங்கள். டேங்கர் வந்தால் சம்பில் இறக்குவதற்குமுன் லாரிக் குழாயில் ஒரு கோப்பை பிடித்துச் சோதிக்கட்டும். 600-க்கு மேல் காட்டினால் இறக்காமல் திருப்பி அனுப்பலாம். இறக்கினால், அன்றைய எண்ணைக் கொண்டு கழுவும் நாளை மாற்றிக் கணக்கிட வேண்டும்: 50 லட்சத்தை (ரெசின் பிடிக்கும் 5 கிலோ, மில்லிகிராமில்) அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை லிட்டர் தாங்கும் என்று வந்துவிடும். சாஃப்டனர் வாசலில் ஒரு வாட்டர் மீட்டர் மாட்டி, அந்த லிட்டர் எண்ணை அதன் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.